லெபு பாசார் மாடியில் ஷிஃப்ட் ஒப்படைப்பு

முதல் நாள், காலை 8.40. சென்னையிலிருந்து நான்கு மணி நேரம் பறந்த விமானம், பினாங்குத் தீவின் தென்கோடியிலுள்ள பாயான் லெப்பாஸில் இறங்கியது. ஜார்ஜ் டவுன் அங்கிருந்து சுமார் பதினாறு கிலோமீட்டர். பேருந்துக் கட்டணம் இரண்டு வெள்ளி எழுபது காசு. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். பத்து வெள்ளித் தாளை நீட்டினேன். ஓட்டுநர் தமிழர்.

“சில்லற கெடையாது தம்பி. பெட்டியில போட்டா போட்டதுதான். பின்னால யார்கிட்டயாச்சும் மாத்திக்குங்க.”

பின்னால் நின்றவர் ஒரு சீனப் பெண்மணி. ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். வாக்கியத்தை மனதுக்குள் சரிபார்த்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பத்து வெள்ளியையும் பெட்டியில் போட்டேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவனின் முதல் செலவு அது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அருப்புக்கோட்டையில் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, அங்கேயே ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறேன். பினாங்கில் ஒரு சிறிய தமிழர் சங்கம் தொழிலாளர்களுக்காக நடத்தும் இலவச ஆங்கில வகுப்புக்கு மூன்று மாதம் தன்னார்வ ஆசிரியராகக் கூப்பிட்டார்கள். சம்பளம் இல்லை. தங்க இடமும் மதியச் சாப்பாடும் உண்டு.

முதல் வாரம். இடம் லெபு பாசார், இந்தியக் கடைகள் நிறைந்த தெரு. கீழே மசாலாக் கடை, முதல் மாடியில் வகுப்பு, அதன் பின்னால் என் அறை. துவைத்த சட்டையிலும் சீரக வாசம் போகாது. காலையில் பார்க்கிறவர்கள் எல்லாரும் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்பார்கள். காலைச் சாப்பாட்டைத்தான் கேட்கிறார்கள் என்று புரிய இரண்டு நாள் ஆனது. மூலைக் கடையில் நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் இரண்டும், தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீ ஒன்றும் ஆறு வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

வகுப்பில் ஆறு பேர். எல்லாரும் கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்பதால் விடுப்பு நாட்களில் காலை பத்து மணிக்கு வருவார்கள். மூத்தவர் மகேஸ்வரி அக்கா, நாற்பத்தொரு வயது. மின்னணுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக ஆபரேட்டர். மூன்றாவது வாரக் கடைசியில் அவருக்கு லைன் லீடர் பதவிக்கான இன்டர்வியூ இருந்தது.

“போன தடவ நாக்கு ஒட்டிக்கிச்சி சார். ஒரு வார்த்த வரல. நான் வேல பழக்கிவிட்ட பிள்ளைங்க ரெண்டு பேரு இப்ப எனக்கு லீடரு. இதையும் விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது.”

“பயப்படாதீங்கக்கா, நான் இருக்கேன்” என்றேன்.

நான் எப்படித் தேறினேனோ அந்த வழியையே கொடுத்தேன். இருபது கேள்வி, இருபது பதில், கணினியில் அடித்து நான்கு பக்கம். என் கட்டுரைகள், கடிதங்கள், பட்டம் எல்லாமே இப்படி மனப்பாடம் செய்து வந்தவைதான். அக்கா அந்தத் தாள்களை ஃபேக்டரி பஸ்ஸில், போகும்போதும் வரும்போதும் படித்தார். தீவையும் அக்கரையையும் இணைக்கும் பாலத்தைக் கடப்பதற்குள் மூன்று பதில் ஒப்பித்துவிடுவதாகச் சொன்னார்.

மூன்றாம் வாரம், திங்கள், காலை 10.15. இன்டர்வியூவுக்கு நான்கு நாள் இருந்தது. ஒத்திகை வைத்தேன். நான் மேலாளர். கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். ஏழுவரை அக்கா சிறு தடங்கலும் இல்லாமல் சொன்னார். அதே லைனில் வேலை செய்யும் புஷ்பா பின்பெஞ்சிலிருந்து கையைத் தூக்கினாள்.

“சார், எங்க மேனேஜரு இப்படி அழகால்லாம் கேக்க மாட்டாரு. நான் கேக்கட்டா?”

என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கண்ணாடி இல்லாத மூக்கில் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

“மகேஸ்! லைன் த்ரீ ஒய் ஸ்டாப்?”

அக்கா என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி தாளில் இல்லை. வாயைத் திறந்து, எட்டாவது பதிலை ஆரம்பித்தார். அது அவருடைய பலங்கள் பற்றியது.

“நான் என்ன கேக்குறேன், நீ என்ன சொல்ற?” புஷ்பா மேசையைத் தட்டினாள். “யூ ஸ்லீப்பிங் ஆ? ஹூ ஆஸ்க் யூ ஸ்டாப் மை லைன்?”

அக்காவின் முகம் மாறியது.

“ஹலோ பாஸ், யூ கம் சீ ஃபர்ஸ்ட் லா! அவன் டூ ஹாட். ஐ ரன், ஆல் போர்டு பேர்ன். ஐ ஸ்டாப், ஐ கால் டெக்னீஷியன், டென் மினிட் ஓகே. யூ வான்ட் டென் மினிட், யூ வான்ட் டூ ஹன்ட்ரட் ரிஜெக்ட்? யூ டெல் மீ!”

பலகைகளைச் சூடேற்றும் அடுப்பை அங்கே ‘அவன்’ என்கிறார்கள். வகுப்பே கைதட்டியது. நான் தட்டவில்லை. கையில் நான்கு பக்கத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு வாரம் இத உருப்போட்டேன் சார். வீட்டுல சமைக்கிறப்பவும் சொன்னேன். மக கிண்டல் பண்ணா. இப்ப வேற கேள்வி கேட்டா நான் என்ன செய்வேன்? நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?”

சமாளித்திருக்கலாம். ஆனால் அவருக்கு நான்கு நாள்தான் இருந்தது.

“எனக்கும் தெரியாதுக்கா. எனக்கு எழுதத்தான் வரும். தாள் இல்லாம நான் பேசினதே இல்ல.”

“அப்ப இங்க படிக்கிறது ஆறு பேரு இல்ல, ஏழு பேரு” என்றாள் புஷ்பா.

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் வழி அவரிடமிருந்துதான் வந்தது. தினமும் ஷிஃப்ட் மாறும்போது, அடுத்து வருகிறவரிடம் அன்று நடந்ததை ஐந்து நிமிடத்தில் சொல்லி லைனை ஒப்படைக்க வேண்டுமாம். அதை மட்டும் அவர் பயமில்லாமல் செய்வார். “சார், நீங்க அடுத்த ஷிஃப்ட்டுன்னு வெச்சிக்குங்க. ஒண்ணும் தெரியாத ஆளு.”

ஒன்றும் தெரியாத ஆளாக நடிக்க நான் சிரமப்படவில்லை. அடுப்பு எத்தனை டிகிரி, யார் விடுப்பு, எந்தப் பெட்டியில் குறை என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டேன். அவர் சலிக்காமல் ஆங்கிலத்தில் விளக்கினார். நான் திருத்தவில்லை. நடுநடுவே என் கேள்விகளும் தயாரிப்பில்லாமல் வரத் தொடங்கின. செவ்வாயும் புதனும் அதே. வியாழக்கிழமை அவருக்கு ஷிஃப்ட்.

வெள்ளி, இரவு 8.15. அக்காவின் வீடு ஜெலுத்தோங் அடுக்குமாடியில். ஃபேக்டரி பஸ் நிற்கும் இடத்துக்கு நகரப் பேருந்தில் போய்க் காத்திருந்தேன். அவர் இறங்கி வந்தபோது முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

“மொதக் கேள்வி என்ன தெரியுமா சார்? உங்க தாள்ல இருந்த மொதக் கேள்வியேதான். உன்னப் பத்திச் சொல்லுன்னாங்க.”

“ஒப்பிச்சீங்களா?”

“ரெண்டு வரி. அப்புறம் இன்டர்வியூ எடுத்த அம்மா நான் ஒப்பிக்கிறதப் பாத்துச் சிரிச்சிச்சி, எனக்கும் சிரிப்பு வந்திருச்சி. விட்டுட்டேன். ‘ஃபோர்ட்டீன் இயர் ஐ ஸ்டாண்ட் லைன் த்ரீ’ன்னு ஆரம்பிச்சேன் பாருங்க, கடைசில அவங்களே ‘கேன், கேன், எனஃப்’னு, சரி போதும்னுட்டாங்க.”

“கிடைச்சிருச்சா?”

“மூணு மாசம் வெச்சிப் பாக்குறாங்களாம். அடுத்த திங்கள்லேர்ந்து நான் லீடரு.” அதன் பிறகுதான் சிரித்தார். “ஆனா தெனமும் ரிப்போட்டு எழுதணும் சார். எழுத்துல. அதுக்கு நீங்க வேணும், ஓடிராதீங்க.”

பன்னிரண்டாம் வாரம். நாளை மறுநாள் விமானம். அக்காவின் மூன்று மாதம் முடிய இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அவருடைய ரிப்போர்ட்டுகளை இப்போது நான் பார்ப்பதில்லை. புஷ்பா பார்க்கிறாள், குறையும் சொல்கிறாள்.

ஊரில் என் டியூஷன் பிள்ளைகள் நாற்பது பேர், நான் அடித்துக் கொடுத்துவிட்டு வந்த பதில்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்பதால் அதை வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் தாள் இல்லாமல் பேசவைக்க அனுமதி வேண்டும் என்று டியூஷன் சென்டர் உரிமையாளருக்கு நேற்று எழுதினேன். “அப்ப மார்க்?” என்று ஒரே வரியில் பதில் அனுப்பியிருக்கிறார். இதற்கு எழுத்தில் பதில் சொல்லப்போவதில்லை. இறங்கியதும் நேரில் போய்ப் பேச வேண்டும்.