அப்பாவுக்குத் திறந்துவைத்த போர்ட்

பிற்பகலில் வானம் கறுத்தால், பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் முதலில் கேட்பது இடி அல்ல. "தம்பி, பிளக்க புடுங்கிட்டியா?" என்ற செல்வராணி ஆன்டியின் குரல்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிக்குப் பஞ்சமே கிடையாது. கம்பி வழியாக மின்னல் இறங்கி எத்தனையோ வீடுகளில் ரவுட்டர் கருகியிருக்கிறது என்பதால், மழை என்றதும் ஊரில் நாம் காயும் துணியை எடுக்க ஓடுவதுபோல இங்கே ரவுட்டரிடம் ஓடுகிறார்கள். இப்போது வருவது கண்ணாடி இழை, அதில் மின்னல் வராது என்று பலமுறை விளக்கிவிட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும் லா, நீ புடுங்கு" என்பார். வீடு அவருடையது. நான் ஓர் அறைக்கு வாடகை கொடுப்பவன். புடுங்கிவிடுவேன்.

மறுபடி பிளக்கைச் செருகினால் இணையத்தில் எங்கள் வீட்டின் முகவரி எண் மாறியிருக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அப்படியில்லை. அந்த முகவரி வழியாகத்தான் அருப்புக்கோட்டையில் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று சன்னல் வழியாகப் பார்த்து எழுதியே முப்பது வருடங்களை ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயின. அதற்குப் பிறகு வீடியோ கால் என்றாலே எங்கள் இருவருக்கும் பயம். அம்மா போனை அவர் முகத்துக்கு நேரே பிடிப்பாள். அவர் ஏதோ சொல்ல முயல்வார், வராது, கண் கலங்கும். நான் "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு, அவசர வேலை இருப்பதுபோல வைத்துவிடுவேன். விடுப்பில் போயிருந்தபோதுதான் கவனித்தேன். பதில் சொல்ல வேண்டியதில்லை என்றால் அவர் நிம்மதியாக இருக்கிறார். நாள் முழுக்கச் சன்னலருகே உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார். தெருவைப் பார்க்கிறவர் என்னைப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

ஆபீசில் கழித்துப் போட்ட கேமரா ஒன்றைக் கொண்டுவந்து, ஆன்டியிடம் அனுமதி கேட்டுச் சமையலறை மூலையில் மாட்டினேன். "பாவம், பாக்கட்டும்" என்றார். ஆனால் ரவுட்டருக்குள் ஃபயர்வால் என்று ஒரு காவல் இருக்கிறது. உள்ளேயிருந்து நாம் கேட்காத எதையும் அது வெளியிலிருந்து விடாது. ஒரே ஓர் எண்ணுள்ள வாசலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் அதன் வழியே வரலாம். போர்ட் திறப்பது என்பது அதுதான். அதற்கு, மாறிக்கொண்டே இருந்தாலும் பல வீடுகளுக்குப் பொதுவாக இல்லாத ஒரு முகவரியை இணைய நிறுவனம் தர வேண்டும் என்பதால் போன் செய்தேன். பேசியவர் கிள்ளான்காரத் தமிழர்.

"என்ன கேமுக்கு பாஸ்?"

"கேம் இல்லைங்க. எங்கப்பாவுக்கு."

"ஓ, அப்பா கேம் ஆடுறாரா? பாகுஸ் லா!"

நல்லது என்று பாராட்டுகிறார். போர்ட் கேட்டு அழைக்கிற எல்லோரும் விளையாட்டுக்காரர்கள் போல. அருப்புக்கோட்டையையும் பக்கவாதத்தையும் போனில் விளக்கத் தெம்பில்லை. ஆமாம் என்றேன். வேலை முடிந்தது.

ஆறு மாதம் நன்றாக ஓடியது. முகவரி எண் மாறினாலும் ஊரிலிருக்கும் டிவி எங்களைக் கண்டுபிடிக்க, அதன் பின்னாலேயே ஓடும் ஒரு பெயரையும் இணையத்தில் பதிவு செய்துவைத்தேன். நான் தோசை வார்ப்பதை, போனை நோண்டிக்கொண்டே சாப்பிடுவதை, சும்மா உட்கார்ந்திருப்பதை எல்லாம் அப்பா டிவியில் பார்த்தார். "நேத்து ஒன்பது மணிக்குத்தான் சாப்பிட்டியாமே, இடது கையால எழுதிக் காட்டுறாரு" என்று அம்மா புகார் சொல்வாள். ஆன்டி கேமராவுக்கு நேரே நின்று, "அங்கிள், ஒங்க மகன் இன்னும் வரல, டிரெய்ன் லேட்டு" என்பார். அந்தக் கேமராவுக்குக் காது கிடையாது என்று சொல்லியும் கேட்கமாட்டார்.

இனிமேல் எழுதப்போவது என் தொழிலுக்கே வெட்கக்கேடு. பிறருடைய நெட்வொர்க்கில் திறந்துகிடக்கும் வாசல்களைத் தேடிச் சாத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் பாஸ்வேர்டை அம்மா டிவி ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி நகர்த்தி அடிக்க வேண்டும். இரண்டு முறை தப்பானால் "எனக்கு இதெல்லாம் ஆகாதுப்பா" என்று உட்கார்ந்துவிடுவாள். எனவே ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக வைத்தேன். எங்கள் ஊர் முகவரிக்கு மட்டும் வாசலைத் திறந்திருக்கலாம்தான். ஆனால் அங்கே கரண்ட் போய் வந்தால் அந்த முகவரியும் மாறிவிடும். இரண்டு வீட்டுக்கும் நிலையான முகவரி இல்லை. பிறகு சரிசெய்யலாம் என்று விட்டேன். வேலை முடிந்து வந்தால் இன்னொரு ரவுட்டரைப் பார்க்கவே அலுப்பாக இருக்கும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த அலுப்பு தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேமராவின் தலை மெல்லத் திரும்பி பால்கனியைப் பார்த்து நின்றது. அங்கே ஆன்டி நைட்டியோடு துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா எதையோ அழுத்திவிட்டார் என்று நினைத்து அம்மாவை அழைத்தேன்.

"நாங்க எதையும் தொடலப்பா. விடிஞ்சதுலேருந்து கரண்டே இல்லையே."

அப்படியானால் திருப்பியது வேறு யாரோ. எழுந்துபோய் கேமராவின் ஒயரைப் பிடுங்கினேன். ரவுட்டரின் பதிவைத் திறந்தால், ஊர் பேர் தெரியாத முகவரிகள் பல வாரங்களாக உள்ளே வந்து போயிருந்தன. ஆன்டியிடம் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிறகு சொன்னேன்.

அவர் கையிலிருந்த கிளிப்புகளை மேசையில் வைத்தார். "சுங்கை வே ஃபேக்டரில இருவது வருசம் வேலை செஞ்சேன் தம்பி. சூப்பர்வைசர் கண்ணாடி ரூம்ல ஒக்காந்து நாள் பூரா எங்களையே பாப்பான். அதுக்காச்சும் சம்பளம் குடுத்தான்."

"மன்னிச்சிடுங்க ஆன்டி."

"ஒங்க அப்பாவுக்காகத்தான் நான் சும்மா இருந்தேன். மூடிடு."

மூடினேன். விலக்கு விதியை அழித்து, ஃபயர்வாலை அதன் கடுமையான நிலைக்கு ஏற்றினேன். பாதுகாப்பான வேறு வழி உண்டு. அதற்கு ஊரில் அந்த ரவுட்டருக்கு முன்னால் நான் உட்கார வேண்டும். விடுப்புக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அம்மாவிடம் கேமரா ரிப்பேர் என்று சொன்னேன். ஆன்டி இப்போது தம் அறைக்குள்ளேயே துணி காயப் போடுகிறார். என்னோடு பேசுகிறார், ஆனால் சமையலறையில் நிற்பதில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

மூடிய அடுத்த நாள் காலை, எல்லாம் சரியாக மூடியிருக்கிறதா என்று பதிவைப் பார்த்தேன். முதலில் அந்நிய முகவரிகள் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போயின. ஊரில் விடிந்து சற்று நேரத்தில் ஒன்று மட்டும் போகாமல் நின்றது. முப்பது நொடிக்கு ஒருமுறை அதே வாசலைத் தட்டியது. முகவரி எங்கள் ஊர்ப் பக்கத்தது. ஒவ்வொரு முறையும் ரவுட்டர் 'மறுக்கப்பட்டது' என்று எழுதி அடுத்த வரிக்குப் போனது. அந்நியனையும் அப்பாவையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்காதது நான்தான்.

அம்மாவை அழைத்தேன்.

"டிவி கருப்பாத்தான் இருக்கு, நடுவுல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. சேனல் மாத்துனா கைய ஓங்குறாரு. அதையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு. அமத்திடட்டாப்பா?"

அணைக்கச் சொல்வதுதான் நியாயம். அணைத்தால் இந்தத் தட்டலும் நின்றுபோகும்.

"இருக்கட்டும்மா" என்றேன். என் திரையில் பதிவின் அடுத்த வரி விழுந்தது.