வேகாத பானை என்று நினைத்த இரும்பு

போன மாதம் திருப்பதியிலிருந்து திரும்பும்போது, வடமாலபேட்டை தாண்டி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ரோடு வேலை. ஜன்னலுக்கு வெளியே ஒரு கிரேடர் நின்றிருந்தது. இரண்டு பேர் அதன் அடியில் படுத்துத் தேய்ந்த பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசனை அடித்தது. பக்கத்து சீட்டுக்காரர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன். சிலருக்கு மல்லிகை, எனக்கு இது.

கிரேடர் என்பது ரோட்டு மண்ணைச் சீவிச் சமன் செய்கிற வண்டி. அதன் வயிற்றுக்கடியில் நீளமாக ஒரு பிளேடு இருக்கும். அந்தப் பிளேடின் விளிம்பில் போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பட்டைதான் கல்லோடும் மண்ணோடும் மல்லுக்கட்டித் தேய்வது. பிளேடு முதலாளி மாதிரி மேலே சும்மா இருக்கும்.

ஆந்திரா பிரிந்து, எல்லை எது என்று இரண்டு பக்கமும் பேசி ஓய்ந்து, திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம், நகரி ஆந்திராப் பக்கம் என்று முடிவான சமயம் அது. நான் புத்தூரில் ரோடு இலாகா ஸ்டோர்கீப்பர். ஆட்களைப் பிரித்தார்கள், நாற்காலிகளைப் பிரித்தார்கள். கிரேடர் ஒன்றே ஒன்று. இரண்டாக வெட்டியா கொடுக்க முடியும்? நகரியிலிருந்து புது எல்லைக்கல் வரை ரோட்டைச் சீவி முடித்ததும் வண்டி திருத்தணிக்குப் போக வேண்டும், அதை ஓட்டுகிற முனிரத்தினமும் கூடவே போக வேண்டும் என்று ஆர்டர் வந்தது.

முனிரத்தினம் நகரிக்காரன். மனைவி நிறைமாதம். முதல் பிரசவத்தின்போது ஏர்பேடு பக்கம் வேலையில் இருந்தான். செய்தி கிடைத்து ஓடி வருவதற்குள் குழந்தையைப் புதைத்துவிட்டிருந்தார்கள். இந்தத் தடவை ஊரிலேயே இருந்தாக வேண்டும் என்று லீவு கேட்டான். எங்கள் தெலுங்கு இன்ஜினியர் கெட்டவர் இல்லை. "இங்கோ ஆபரேட்டர் லேடய்யா, நேனேமி சேயனு?" என்று கையை விரித்தார். வேறு ஆள் இல்லாதது உண்மைதான்.

அப்போது பார்த்து பட்டையும் தேய்ந்துபோயிருந்தது. புதிது வாங்க ஸ்டோருக்கு வந்தவன் கதவை லேசாகச் சாத்தினான்.

"சாரு, இருக்கிறதுலயே மட்டமா ஒண்ணு குடுங்க."

"எல்லாரும் கெட்டியா கேப்பாங்க. உனுக்கு இன்னாயா?"

"சீக்கிரம் தேஞ்சா வேலை நின்னுடும் சாரு. சித்தூர்லேர்ந்து வேற வர்றதுக்குள்ள எங்க ஊட்டுக்காரிக்குப் பொறந்துடும். நானும் இங்கியே இருந்துக்குவேன்."

நகரிப் பங்குக்கு ஒரு பட்டைதான். மற்றவை திருத்தணிக்கென்று ஒதுக்கியாயிற்று. அவன் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. நல்ல சாமான் கேட்டால்தான் ஆயிரம் கேள்வி, மட்டமானதைக் கேட்பவனுக்கு எந்த ரூலும் தடை இல்லை.

எது மட்டம் என்பதிலும் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு பேரும் புத்தூர்ச் சந்தையில் பானை வாங்கிப் பழகினவர்கள். சுண்டிப் பார்த்தால் கணீரென்பது வெந்த பானை, தொப்பென்பது வேகாதது. முனிரத்தினம் ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனான். சுவரில் சாய்த்திருந்தவை எல்லாம் மணி மாதிரி ஒலித்தன. மூலையில் ஈர மணலில் கிடந்த ஒன்று மட்டும் தொப்பென்றது.

"இதான் சாரு வேகாத பானை" என்றான். நான் ஒரு பக்கம் பிடிக்க, தூக்கிக்கொண்டு போனோம்.

அந்த ரோட்டில் வெள்ளைக் கல் அதிகம். முந்தின பட்டையைத் தின்று தீர்த்தது அதுதான். இதனிடம் அதன் பாச்சா பலிக்கவில்லை. சாயங்காலமானால் முனிரத்தினம் குனிந்து பார்ப்பான். பட்டை பளபளவென்று சிரித்துக்கொண்டிருக்கும். "எங்க மாமியாரு நாக்கு மாதிரி கீது சாரு, தேயவே மாட்டேங்குது" என்பான். வேண்டுமென்றே ஒரு பாறையில் மோதியிருக்கலாம். அதற்கு அவனுக்கு மனசு வரவில்லை. பானையைக் கையில் தூக்கியல்லவா சுண்டுகிறோம், மணலில் கிடந்தால் எந்த இரும்பும் தொப்பென்றுதானே சொல்லும் என்பது எங்களுக்கு அப்புறம்தான் உறைத்தது. இருந்ததிலேயே கெட்டியானதைத் தேடி எடுத்து மாட்டியிருந்தோம்.

வேலை கெடுவுக்கு முன்பே முடிந்தது. இன்ஜினியர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மறுநாள் காலையில் வண்டியோடு எல்லையைத் தாண்டிப் போனான்.

அந்த வாரமே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பினோம். திருத்தணியிலும் லீவு கிடைக்கவில்லை. பச்சை உடம்பு தேறியதும் அவன் மனைவியே பிள்ளையை எடுத்துக்கொண்டு மாட்டு வண்டியில் புறப்பட்டாள். அதற்குப் பிறகு நகரி ஸ்டேஷனில் என்னைப் பார்த்தபோது முனிரத்தினம் சொன்னான்:

"நம்ம சீவுன ரோட்டுல எல்லக் கல்லு வரிக்கும் கொயந்த தூங்கிக்கினே வந்துச்சாம் சாரு. கல்லைத் தாண்டினதும் ஒரே பள்ளம், வண்டி குலுங்கி முயிச்சிக்கினு அயுதுச்சி. நான் அந்தாண்ட புளியமரத்தாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். மூஞ்சியப் பாக்கறதுக்கு முந்தி கொரலத்தான் சாரு கேட்டேன்."



ரோட்டை அகலப்படுத்தியபோது புளியமரம் போயிற்று, கல்லும் போயிற்று. முனிரத்தினமும் இல்லை. இப்போது திருத்தணி பஸ்ஸில் எல்லாரும் ஒரே சீராகத் தூங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தக் குழந்தை விழித்த இடம் எது என்று யாராவது கேட்டால், எனக்கே காட்டத் தெரியாது.