பின்னால் வரும் பந்து

கட்டைவிரல் நகத்தால் பந்தை அழுத்துகிறார் யேசுதாசன். பிறகு மட்டையின் இரும்பில் தட்டிக் காதருகே பிடிக்கிறார். "இது வேணாம் சார். கெட்டித் தோலு. வுழுந்தா ஓடிக்கினே போவும். மெத்துனு கீதே, இத்த எடுங்க. வுழுந்து ரிவர்ஸ்ல வரும்."

பொழிச்சலூரிலிருந்து சைக்கிளில் வருபவர். தாம்பரத்தை அடுத்த கோல்ஃப் மைதானத்தில் பத்தொன்பது வருடமாகப் பெரிய மனிதர்களின் மட்டைப் பையைச் சுமக்கிறார். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. பந்தை ஈரமில்லாமல் துடைப்பார். மட்டையின் கோடுகளில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் கிளறி எடுப்பார். "மண்ணு கீதுன்னா பந்து சுத்தாது சார்."

பை தூக்குகிறவர்கள் ஆடுவதற்கென்று வருடத்தில் ஒரே ஒரு நாள். அன்று அவருக்குக் கிடைப்பதெல்லாம் யாரோ கழித்துப்போட்ட கெட்டிப் பந்துகள். 2007 வரை அவர் அடித்த எதுவும் ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. விழும், ஓடும்.

அந்த வருடப் போட்டியில் ஜெயிப்பவருக்குப் பயிற்சியாளர் வேலை என்று சொல்லியிருந்தார்கள். இனி பை சுமக்க வேண்டாம். அவர் வழக்கமாக யாருடைய பையைச் சுமப்பாரோ அந்த ஸ்ரீவத்சன், மெத்தென்ற புதுப் பந்து ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். நாள் முழுக்க அது பையிலேயே கிடந்தது.

கடைசிக் குழி. போட்டியில் முன்னால் இருந்த இன்னொரு பை தூக்குகிறவன் மதியழகன், ஆடி முடித்துவிட்டான். மூன்றே அடியில் முடித்தால் யேசுதாசனுக்கு வெற்றி. அவர் புதுப் பந்தை எடுத்தார்.

"கெட்டிப் பந்தே போதும், யேசு. புல்தரை நடுவுல போட்டா வேலை உனக்குத்தான்," என்றார் ஸ்ரீவத்சன்.

"தெரியும் சார். ஒரே ஒரு வாட்டி பாத்துக்கிறேன்."

பந்து உயர்ந்து, குழியில் நட்டிருந்த கொடியைத் தாண்டி விழுந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல் பின்னால் வரத் தொடங்கியது. குழியின் விளிம்பை உரசியது. நிற்கவில்லை. சரிவில் இறங்கி, முன்பக்க மணல் பள்ளத்துக்குள் போய் விழுந்தது. ஐந்து அடிகள் ஆயின. வேலை மதியழகனுக்குப் போனது.

"சொன்னேனே யேசு!" ஸ்ரீவத்சன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வந்துச்சு பாத்தீங்களா சார்?"

எல்லோரும் மதியழகனைச் சூழ்ந்துகொள்ள, யேசுதாசன் மட்டும் கொடிக்குப் பின்னால் போனார். பந்து விழுந்த இடத்தில் புல் பெயர்ந்து சின்னதாக ஒரு பள்ளம். அதைச் சிறு முள்கருவியால் குத்திச் சமன் செய்வது அவர் வேலை. மண்டியிட்டார். கருவியை எடுக்கவில்லை. பள்ளத்தின் மேல் உள்ளங்கையைப் பொத்தி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.