கடலை டேங்க் என்று நினைத்தவன்

நான் கங்கப்பன். ஆறாம் வகுப்போடு சரி. ஜூஜுவாடியில் ஒரு ஷெட்டில் பைபர் தண்ணீர் டேங்க் செய்கிறேன். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே டேங்க் எப்போது நிரம்பும் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

போன வருடம் டேங்க் விற்கவில்லை. வாய் சும்மா இருக்குமா? "படகும் பைபர்தானே, செஞ்சிரலாம்" என்றேன். செய்தோம். பழவேற்காட்டு மீனவர் டெல்வின் ஓட்டிப் பார்க்க ஒத்துக்கொண்டார். பிடித்தால் மேற்கொண்டு இரண்டு படகு. பிடிக்காவிட்டால் ஷெட்டுக்குப் பூட்டு.

ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் வாயில் ஒரு மணல் திட்டு. அதைத் தாண்டப் படகுக்கு ஒன்றரை அடித் தண்ணீர் வேண்டும். டெல்வின் போனில் ஓத அட்டவணையைக் காட்டினார். ஒன்பது மணிக்குத் தண்ணீர் வற்றிக் கிடக்கும், மூன்று மணிக்கு உச்சம்.

"பன்னெண்டுக்கு மேல போலாம்ண்ணே."

நான் விடுவேனா? வற்றும்போது திட்டின் மேல் ஒரு அடி. ஆறு மணி நேரத்தில் மூன்று அடி ஏறுகிறது. அப்படியானால் மணிக்கு அரை அடி. பத்து மணிக்கே ஒன்றரை அடி!

"பத்துக்கு எடுப்பா" என்றேன்.

கூட வந்த மாதேஷ் காதைக் கடித்தான். "மாமா, அவுரு கடல்காரரு. சொல்றத கேளேன்."

"டேய், தண்ணின்னா எல்லாம் ஒண்ணுதான். ஏறு."

டெல்வின் சிரித்துக்கொண்டே ஏறினார். திட்டின் நடுவில் படகு உட்கார்ந்தது. அலை தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு முறையும் படகின் அடி மணலில் இடித்தது.

"கடலு என்ன மோட்டாராண்ணே, ஒரே சீரா ஏத்த?" என்றார் டெல்வின். "மொத்த ஏத்தத்தப் பன்னெண்டு பங்கா வையுங்க. மொத மணியில ஒரு பங்கு, அடுத்ததுல ரெண்டு, நடுவுல மூணு மூணு. அப்புறம் ரெண்டு, ஒண்ணுன்னு கொறையும். இப்ப மூணு இஞ்சுதான் ஏறியிருக்கு."

எனக்கு இன்னும் மூன்று இஞ்சு வேண்டும். நண்டு பிடிக்க முழங்கால் தண்ணீரில் நடந்துபோன அம்மா ஒருத்தி கேட்டாள், "என்னா, இங்கயே குடித்தனமா?" மாதேஷ் அவளோடு சேர்ந்து சிரித்தான், துரோகி.

ஒருவழியாகப் படகு மிதந்தது. கடலில் ஒரு சுற்று போய்விட்டு வந்ததும் டெல்வின் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, அடியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். கீறல்கள் மட்டும்தான். விரிசல் இல்லை.

"இந்த அடி வாங்கியும் தாங்குதே! ரெண்டு செய்யுங்க. ஆனா அடியில இன்னொரு அடுக்கு போடுங்கண்ணே. உங்கள மாதிரி ஆளுங்களும் ஓட்டுவாங்க இல்ல?"

அந்த அடுக்கைத்தான் இப்போது ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஷெட்டில் அதற்குக் கங்கப்பன் அடுக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.