கத்தி படாத அக்கா

சபையில் அவளுக்குப் பெயரே "கத்தி படாத அக்கா"தான். வயிற்றுக் கட்டிக்கு டாக்டர் ஆபரேஷன் என்றதும், அவள் பயந்து முழங்காலில் விழுந்ததும், அடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததும் அங்கே எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம். தையல் கம்பெனியில் வாரமெல்லாம் காலர் தைத்துக் கழுத்து ஒடிந்து வந்தாலும், சாட்சி சொல்ல மைக்கைக் கொடுத்தால் நிமிர்ந்துவிடுவாள். "கத்தி படாம கட்டி கரைஞ்சுது" என்று அவள் இழுக்கிற இடத்தில் "ஸ்தோத்திரம்" என்று கூரை அதிரும்.

கீபோர்டு வாசிப்பவன் அவள் அக்கா மகன். அவள் சாட்சிக்கு வாசித்து வாசித்து அவன் விரல் தானாகவே போகும். டாக்டர் என்றால் சோகம், ரிப்போர்ட் என்றால் துள்ளல். "சித்தி, நீங்க தும்முனாக்கூட ஒரு ட்யூன் வச்சிருக்கேன்" என்று கிண்டல் வேறு.

போன வாரம் கட்டி திரும்ப வந்திருப்பது தெரிந்தது. "அந்த ஸ்கேன்ல சரியாத் தெரியாம போயிருக்கும்மா. இப்ப ரொம்பப் பரவிடுச்சு, வெட்டியும் பிரயோஜனமில்ல" என்று டாக்டர் கையை விரித்தார்.

"வெளிய மூச்சு விடாத. அப்புறம் கடவுளையே கேலி பண்ணுவாங்க" என்றார் வீட்டுக்காரர்.

அவளும் வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஆனால் அதே சபைக்கு வரும் ஸ்கூல் வேன் ஆயாவுக்கும் கட்டி. ஆரம்ப நிலை, திங்கட்கிழமை ஆபரேஷனுக்குச் சேர வேண்டும். முந்தின நாள் ஞாயிறு, சபை வாசலிலேயே அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "நான் போகலக்கா. உங்களுக்குச் செஞ்சவர் எனக்குச் செய்ய மாட்டாரா?"

அக்கா அதற்கு மேல் வாசலில் நிற்கவில்லை. நேராகப் போய் மைக்கை வாங்கினாள்.

"டாக்டர் மறுபடியும் கூப்பிட்டாரு" என்றாள். கீபோர்டு அழுதது. "புது ரிப்போர்ட் வந்துச்சு..."

துள்ளல் இசை பிய்த்துக்கொண்டு கிளம்பியது. சபை மொத்தமும் எழுந்து கை தட்டியது. "இருங்க, முழுசாக் கேளுங்க" என்றவள் அழுதுவிட்டாள். பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டார். "பாருங்க, சந்தோஷத்துல அக்காவுக்குப் பேச்சே வரல."

கூட்டம் முடிந்ததும் ஆயாவை ஓரமாக இழுத்தாள். "எனக்குத் திரும்ப வந்துடுச்சுடி. நீயாவது போய் வெட்டிக்கோ."

ஆயா திகைத்தாள். "அப்ப இத்தன நாள் எதுக்குக்கா துதிச்சீங்க?"

"என் பாவத்துக்காக அவர் செத்தாரு. அதுக்குச் சாகுற வரைக்கும் துதிப்பேன். இரட்சிப்பு வேற, வயிறு வேற. நான்தான் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுத் தச்சுட்டேன்."

ஆயா அவள் கையைப் பரிவோடு தடவிக் கொடுத்தாள். "உங்க விசுவாசம் குறைஞ்சுபோச்சுக்கா, அதான் திரும்ப வந்திருக்கு. எனக்குக் குறையாது. உங்களுக்கும் சேத்து ஜெபிக்கிறேன்."

மறுநாள் அக்கா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் அட்மிஷன் கவுண்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தாள். கவுண்டரில் ஆயாவின் பேரைக் கூப்பிட்டார்கள்.

"வந்துடுவா, கொஞ்சம் பொறுங்கம்மா" என்று எழுந்து நின்றாள்.

கவுண்டர் பெண் இன்னொரு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.