வடநாவல் என்றொரு சொல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ரொறன்ரோவின் பார்க்டேலில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சமூக நலநிலையம் இருந்தது. அங்கே உணவு ஆலோசகராகப் பணியாற்றிய தமிழ்ப் பெண்ணொருத்தி ஆவணி மாதத்தில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒற்றைத் தாளில் அச்சிட்ட ஆங்கிலத் துண்டறிக்கையொன்றைத் தந்தாள். வடக்கேயுள்ள பாறை நிலங்களில் தானாக விளையும் காட்டுப் புளூபெரிப் பழத்தின் உணவுச் சிறப்பை எடுத்துரைக்கும் அறிக்கை அது. அதனைத் தமிழாக்கித் தருமாறு கேட்டாள்.

“அங்கிள், எங்கட சனம் பழமெண்டா வாழைப்பழமும் அப்பிளும்தான் எண்டு நிக்குது. உது இஞ்ச காட்டில விளையிற பழம், நல்ல சத்து. கொஞ்சம் வடிவா எழுதித் தாங்கோ.”

யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் நான். ரொறன்ரோவுக்கு வந்தபின் என் தமிழை நாடி வந்தவை இரண்டு திருமண அழைப்பிதழ்களும் இறந்தவர் ஒருவரின் அந்தியேட்டி நினைவு மலரும் மட்டுமே. ஆகவே அவ்வறிக்கையை மூன்று நாள் மேசையில் வைத்துப் பலமுறை படித்தேன்.

படிக்கப் படிக்க அப்பழத்தின்மேல் மதிப்பு மிகுந்தது. நிலத்திலிருந்து ஒரு சாண் அளவே உயரும் செடி. வளமற்ற புளிப்பு மண்ணிலும், காட்டுத்தீ கருக்கிப்போன பாறையிடுக்கிலும் அது மீண்டும் தளிர்க்கும். தோட்டத்தில் வளர்க்கும் பழத்தை விடக் காட்டுப்பழம் சிறியது. சிறியதாகையால் சதையின் அளவோடு ஒப்பிடத் தோல் மிகுதி. நிறப்பொருள் செறிந்திருப்பது அக்கருநீலத் தோலிலேதான். அந்நிறப்பொருள் குருதிக் குழாய்களுக்கு நன்மை தரக்கூடும் என்று அறிவியலாளர் ஆராய்ந்து வருவதாகவும், நார்ச்சத்து, உயிர்ச்சத்து சீ, மங்கனீசு ஆகியன பழத்தில் உள்ளன என்றும், கொழுப்பு மிகக் குறைவு என்றும் அறிக்கை கூறியது. இந்நாட்டின் ஆதிக்குடிகள் கோடையில் அதனைப் பறித்து உலர்த்திக் குளிர்காலத்துக்கு வைத்துண்டார்களாம். அதன் இலையை அவித்து மருந்தாகக் குடித்தார்களாம். இறுதியில், நீரிழிவு உள்ளவர்களும் இப்பழத்தை அளவாகச் சாப்பிடலாம் என்று ஒரு வரி இருந்தது.

பெயர்தான் இடறியது. ‘புளூபெரி’ என்று ஒலிபெயர்த்து வைப்பது எனக்கு இழுக்காகத் தோன்றியது. ‘நீலப்பழம்’ என்பதில் உயிரில்லை. அன்று மாலை மகள் வாங்கி வந்த காட்டுப்பழத்தில் சிலவற்றை வாயிலிட்டேன். இனிப்பும் சிறு துவர்ப்பும். கண்ணாடியில் பார்த்தபோது நாக்கு ஊதா நிறமாகியிருந்தது. நாவலைப் போல நாவை ஊதாவாக்கும் பழம், வடக்கே விளைவது. ‘வடநாவல்’ என்று எழுதினேன். எழுதியதும் அது நெடுங்காலமாக மொழியில் இருந்த சொல்லைப் போலவே அமர்ந்துகொண்டது.

என் மனைவி தாளை எட்டிப் பார்த்தாள்.

“வடநாவலோ? என்ன, வடக்கத்தையார் எழுதின கதைப் புத்தகமோ?”

“பழமப்பா. நாவல் மாதிரிப் பழம்.”

“பழமெண்டா பழமெண்டு போடுங்கோவன். நான் தொடர்கதையாக்கும் எண்டு பாத்தன்.”

அவள் சிரித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நான் இறுதி வரிக்கு வந்தேன். ‘நீரிழிவு உள்ளவர்களும் அளவாகச் சாப்பிடலாம்’ என்பது தட்டையாக இருந்தது. ‘நீரிழிவினர்க்கும் உகந்தது, அளவறிந்து உண்க’ என்று எழுதினேன். அந்த வரியின் ஓசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

துண்டறிக்கை இளநீலத் தாளில் அச்சாகிக் கோயிலிலும் தேவாலய மண்டபத்திலும் தமிழ்க் கடைகளிலும் வைக்கப்பட்டது.

எங்கள் தளத்திலேயே நான்கு கதவு தள்ளி ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் மனைவியோடு வாழ்ந்தார். ஊரில் தீவுப்பகுதியிலும் மன்னாரிலும் பணியாற்றியவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர் ஆயினும் என்னை ‘மாஸ்ரர்’ என்றே அழைப்பார். நான் அவரை ‘அண்ணை’ என்பேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு. ஊரில் அதனைச் சீனி வருத்தம் என்பார்கள். கையில் அகப்படும் அச்சுத்தாள் எதையும் அச்சகத்தின் முகவரி வரை படிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஒருநாள் மின்தூக்கிக்காகக் காத்து நிற்கையில் என் அருகில் வந்தார்.

“மாஸ்ரர், உங்கட நோட்டீசு வாசிச்சன். இவ்வளவு காலமும் உதை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

“எதை அண்ணை?”

“இந்த நாட்டிலயும் நாவல் இருக்கெண்டதை.”

“நாவலேதான் எண்டில்லை. கிட்டத்தட்ட அது மாதிரி.”

“கிட்டத்தட்ட எண்டாலும் குணம் இருக்கும்தானே. அளவறிந்து உண்க எண்டு போட்டிருக்கிறியள். என்ன அளவு?”

“ஒரு கைப்பிடி. காலமையும் பின்னேரமும் எண்டு வையுங்கோவன்.”

மின்தூக்கி வந்தது. நாங்கள் ஏறினோம். பிறகு வானிலையைப் பற்றிப் பேசினோம்.

நாவற்கொட்டையை உலர்த்தி இடித்துத் தூளாக்கி மோரில் கலந்து குடித்தால் சீனி வருத்தம் அடங்கும் என்பது எங்களூரில் வீடுதோறும் வழங்கிய நம்பிக்கை. அதனை அறியாதவன் அல்லன் நான். என் சிறிய தந்தையார் வாழ்நாள் முழுவதும் அத்தூளைக் குடித்தவர். ஆயினும் ‘வடநாவல்’ என்று எழுதிய வேளையில் நாவின் நிறம் மட்டுமே என் நினைவில் இருந்தது.

புரட்டாதி மாதத்தில் அவர்களுடைய பல்கணியில் செய்தித்தாள் விரித்துப் பழங்கள் உலர்ந்தன. வெயில் தளர்ந்தபின் அவை உள்ளே வந்து, வெப்பமூட்டியின்மேல் தட்டுத் தட்டாகக் காய்ந்தன. நான் அதைக் கண்டேன். ஆதிக்குடிகள் உலர்த்தியதை மொழிபெயர்த்தவன் நான். அதை ஒருவர் படித்துக் கைக்கொள்கிறார் என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

நவராத்திரிக்கு அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்குச் சுண்டல் கொண்டுவந்தார்.

“மாஸ்ரர், இவரைப் பாத்தனீங்களே? மெலிஞ்சு மாப்பிளை மாதிரி ஆயிட்டார். பழைய காற்சட்டையெல்லாம் இடுப்பில நிக்குதில்லை. எல்லாம் உங்கட வடநாவல்தான்.”

“பழம் நல்ல பழம்,” என்றேன்.

“பழமாத் தின்னிறதோட, இடிச்சுத் தூளாக்கி மோரிலயும் குடிக்கிறார்.”

“இஞ்சத்தை மோரில அது கரையுமோ?” என்று என் மனைவி கேட்டாள். பேச்சு மோரைப் பற்றியதாகத் திரும்பிவிட்டது. தூள் எதற்காக என்று நான் கேட்கவில்லை. பாராட்டு இனிமையாக இருந்தது. அதற்கு மேல் வினவத் தோன்றவில்லை.

அவர் நீரிழிவுக்கு மருத்துவர் தந்த மாத்திரைகளை, எங்கள் பேச்சில் குளிசைகளை, நிறுத்தி அப்போது ஐந்து கிழமை ஆகியிருந்தது. அது எங்கள் எவருக்கும் தெரியாது. அவருடைய மனைவிக்கு மட்டும் தெரிந்திருந்தது, அவரும் அதில் பிழையொன்றும் காணவில்லை. மருந்து மாறியிருக்கிறது என்றே இருவரும் எண்ணினார்கள். உடல் மெலிவதும், ஓயாத தாகமும், அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதும் சீனி ஏறியதன் அறிகுறிகள்; அவற்றை மருந்தின் வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். குருதிப் பரிசோதனைக்கு வரச்சொன்ன நாளையும், தூள் நன்றாக வேலை செய்யட்டும் என்று தள்ளிவைத்திருந்தார்.

கார்த்திகையில் முதற்பனி விழுந்தது. புதிய பனிக்காலணி அவருடைய வலப்பாதத்துச் சிறுவிரலை உரசியது. கால்களில் உணர்ச்சி குறைந்திருந்தமையால் அவர் அதனை அறியவில்லை. கொப்புளம் புண்ணாகிப் புண் கறுத்தது. ஒருநாட் காலை அவருடைய மனைவி எங்கள் கதவைத் தட்டினார்.

“மாஸ்ரர், ஒருக்கா ஓடி வாங்கோ. இவர் எழும்புறாரில்லை. கூப்பிட்டா ஆரோ ஆள் மாதிரிப் பாக்கிறார்.”

ஓடினேன். கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்து, “தந்தி வந்திட்டுதோ?” என்று கேட்டார். உதடுகள் வெடித்திருந்தன. நோயாளர் ஊர்தியை அழைத்தோம்.

மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் அயல்நகரான மிசிசாகாவில் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆகவே நான் நின்றேன். பணிவான, களைத்த முகங்கொண்ட இளமருத்துவர் ஒருவர், நோயாளி என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டார். நான் அக்கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவர் மனைவி கைப்பையைத் திறந்து ஒரு பால்மாத் தகரப் பேணியை எடுத்தார். உள்ளே கருநீலத் தூள். பேணியோடு நான்காக மடித்த இளநீலத் தாள் ஒன்றும் வந்தது.

“இதுதான் மருந்து எண்டு சொல்லுங்கோ மாஸ்ரர். குளிசை ரெண்டரை மாதமா இல்லை. நாள் தவறாமல் குடிச்சவர். அளவு தப்பேல்லை எண்டும் சொல்லுங்கோ. நீங்கள் சொன்ன அளவுதான்.”

மருத்துவர் தாளைக் கையில் வாங்கி, தமக்குத் தெரியாத எழுத்துகளைப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

என் மொழிபெயர்ப்பை நானே திரும்ப ஆங்கிலத்தில் சொல்லவேண்டியவனானேன். நார்ச்சத்து வந்தது. நிறப்பொருள் வந்தது. உலர்த்தியதும் இலையை மருந்தாகக் குடித்ததும் வந்தன. இறுதி வரிக்கு வந்தபோது, ‘சாப்பிடலாம்’ என்று நான் முதலில் படித்த சொல்லை என் தமிழ் வரியில் தேடினேன். அது அங்கே இல்லை. ‘நீரிழிவுக்குப் பொருத்தமானது, சரியான அளவு தெரிந்து எடுக்கவும்’ என்றே என் வாய் ஆங்கிலத்தில் சொல்லியது. மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் வாசகம் அது.

என்ன பழம் என்று மருத்துவர் கேட்டார். புளூபெரி என்றேன்.

அவர் வியந்தார். புளூபெரி நல்ல உணவு, நோயாளியும் சாப்பிடலாம், அதற்காக எவராவது குளிசையை விடுவார்களா என்றார். குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. எங்களூரில் வேறொரு பழம் உண்டு, அதன் கொட்டை இந்நோய்க்கு மருந்தென நம்புவார்கள், அப்பழத்தின் பெயரை இப்பழத்துக்கு வைத்துவிட்டார்கள் என்று விளக்கினேன்.

“யார் வைத்தார்கள்?”

“நான்,” என்றேன்.

அவர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். தபாலதிபரின் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. “டொக்டர் என்னவாம்?” என்று என் முகத்தைப் பார்த்தார். குளிசையை நிறுத்தியதுதான் காரணம் என்கிறார் என்று சொன்னேன். சொன்னது மெய். ஆயினும் முழு மெய்யன்று.

சீனியைக் கட்டுப்படுத்த மூன்று நாளாயிற்று. அவருக்குத் தெளிவு திரும்பியது. காலைக் காப்பாற்றலாமா என்பது பின்னும் ஒரு கிழமை தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வரலாம் என்று அவருடைய மகனுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்நாள்களில் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே. கோயிலுக்கும் தேவாலய மண்டபத்துக்கும் கடைகளுக்கும் நடந்து இளநீலத் தாள்களைச் சேர்த்தேன். நலநிலையத்துப் பெண் எஞ்சியவற்றைத் தந்துவிட்டு, “அங்கிள், நானும் வாசிச்சுத்தானே அச்சுக்குக் குடுத்தனான்,” என்று அழுதாள். இங்கே வளர்ந்த அவளுக்கு நாவற்கொட்டையைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தவன் நான் ஒருவனே. வீடுகளுக்குப் போய்விட்ட தாள்களை என்னால் திரும்பப் பெற முடியவில்லை.

இரண்டு கால்விரல்களை எடுத்ததோடு நின்றது. கால் பிழைத்தது. தைப்பொங்கலுக்கு முன் அவர் வீடு திரும்பினார். அடுத்தநாட் பிற்பகல், மனைவியும் அருகில் இருக்கையில், அப்பெயர் எந்த ஏட்டிலும் உள்ளதன்று, நானே ஆக்கியது என்பதையும், ஆங்கில அறிக்கை பழத்தை மருந்தென்று சொல்லவில்லை என்பதையும், மின்தூக்கியடியில் அளவு சொன்னபோது உண்ணும் அளவையே சொன்னேன் என்பதையும் ஒன்றுவிடாமல் அவரிடம் கூறினேன்.

அவர் கட்டுப்போட்ட காலைச் சற்று நகர்த்தி வைத்தார்.

“குளிசையை நிப்பாட்டினது நான். அதை நீங்கள் சொல்லேல்லை,” என்றார். “ஆனா மாஸ்ரர், நீங்கள் பள்ளிக்கூடச் சோதினைக்கு எழுதினமாதிரி எழுதியிருக்கிறியள். நான் வருத்தக்காரன். வருத்தக்காரன் தாளைக் கையில எடுத்தா, தன்ர வருத்தத்தின்ர பேர் எங்க கிடக்கெண்டுதான் தேடுவான். மிச்சமெல்லாம் அவனுக்குக் கண்ணில படாது.”

அவருடைய மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று தேநீர் வரவில்லை. அதன்பின் பல மாதங்கள் மின்தூக்கியில் என்னைக் கண்டால் தலையசைப்பார், பேசமாட்டார். அவரை நான் ஒருபோதும் குறைகூறியதில்லை.

இரண்டு கிழமை கழித்துப் புதிய வரைவொன்றை எடுத்துக்கொண்டு சென்றேன். தலைப்பில் ‘புளூபெரி’ என்றே எழுதியிருந்தேன். அதைப் படித்து, என்ன விளங்கியது என்று எனக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டேன்.

“சுகமில்லாதவனிட்ட வேலையும் வாங்குறியள்,” என்று முனகியபடி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். தபாற்கந்தோரில் பழகிய கை. வரிக்கு வரி பென்சில் நுனியை வைத்தே படித்தார். இறுதியில் நான் எழுதியிருந்த ‘இது மருந்தன்று, மருத்துவர் தந்த குளிசையை நிறுத்தற்க’ என்ற வரியில் பென்சில் நின்றது.

“நிறுத்தற்க எண்டா? நிறுத்தட்டாம் எண்டோ, நிறுத்த வேண்டாம் எண்டோ?”

“வேண்டாம் எண்டு.”

“எனக்கே ஒருக்கா யோசிக்க வேண்டிக் கிடக்கு.”

அவர் அச்சொல்லை வெட்டி, மேலே ‘நிப்பாட்ட வேண்டாம்’ என்று எழுதினார். பின் அவ்வரி முழுவதையும் வட்டமிட்டு, அங்கிருந்து தாளின் உச்சிவரை ஓர் அம்புக்குறி இழுத்தார்.

“உதுதான் முதல் வரி. அதுக்குப் பிறகு பழத்தின்ர பெருமையை எவ்வளவெண்டாலும் எழுதுங்கோ.”

தாளை வாங்கிக்கொண்டேன். அவர் வெட்டியபடியும் இழுத்தபடியுமே அது அச்சுக்குப் போயிற்று.