ஓடும் எஞ்சினில் ஆயில் பார்ப்பது

எண்பதுகளில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு ஜீப் வந்தது. கிளட்ச் கிடையாது; கியர் தானாக மாறும். பேரையூர்ப் பக்கம் தண்ணீர் டேங்கரை இழுத்துப் போனபோது, கண்மாய்க்கரை ஏற்றத்தில் உறுமியதே தவிர நகரவில்லை. கியர்பாக்ஸில் ஆயில் குறைவு. எஞ்சின் ஓடும்போதுதான் அந்த ஆயிலை அளக்க வேண்டும், அணைத்துவிட்டால் கூடுதலாகக் காட்டும் என்று டிரைவரிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

"ஓடுற வண்டியில எவண்ணே ஆயில் பாப்பான்?" என்பார்.

எரிச்சலில் நானே எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து, அளவுக்கம்பியை உருவித் துடைத்தேன். திரும்பச் செருகக் குனிந்தபோது சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்தால், டிரைவர் கையில் சாவி.

"வேட்டி ஃபேன்ல மாட்டிக்கிரும்னுதாண்ணே ஆஃப் பண்ணுனேன். இப்பப் பாருங்க, ஆயில் அம்புட்டும் இருக்கும்."